தோலுக்கடியில் ஒரு கை

அருள்புரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். சுற்றிலும் பனியன் கம்பெனிகள். காலை ஷிப்டுக்கு மணி அடிப்பதற்குள் வந்து, "அண்ணே, காய்ச்சல் மாத்திரை" என்று கையை நீட்டி வாங்கிக்கொண்டு ஓடுகிறவர்கள்தான் என் வாடிக்கைக்காரர்கள். முகம் தெரியும், பெயர் தெரியாது. செல்லத்தாயின் பெயர் மட்டும் சீக்கிரமே தெரிந்துபோனது. தெருவில் யாராவது அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேலி பேசாமல் அவள் என் கடைப்படி ஏறியதே இல்லை.

மதுரைக்குத் தெற்கே பேரையூர்ப் பக்கம் அவள் ஊர். கல்யாணமான கையோடு புருஷன் வீரணனுடன் திருப்பூருக்கு வந்துவிட்டாள். ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் பனியன்களை மேசைமேல் விரித்து, ஓட்டை, கறை, தையல் பிசகு பார்த்துத் தள்ள வேண்டும். வீரணனுக்குத் துணி பின்னும் நிட்டிங் மெஷினில் ராத்திரி ஷிப்ட். ஒரே மகள் நதியா, அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன். எங்கள் தெருக் கடைசியில் ரங்காத்தாள் அம்மாவின் லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருந்தார்கள்.

செல்லத்தாய்க்குக் கொஞ்சம் பூசினாற்போன்ற உடம்பு. நல்ல பலம். கேஸ் சிலிண்டரை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு ஆண்பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தபடி போவாள். தன் கைகளைப் பற்றி அவளுக்கு ஒரு பெருமை உண்டு. கண்ணாடி வளையல் அவளுக்கு மட்டும் பெரிய சைஸில் வேண்டும் என்று கடைக்காரனிடம் சண்டை போடுவாள்.

ஆடிக் காற்று தெருப் புழுதியையெல்லாம் கடைக்குள் கொண்டுவந்து கொட்டிய ஒரு நாள் முகம் வாடி வந்தாள்.

"அண்ணே, காய்ச்சல் விட்டு விட்டு வருது. தொடையில சூட்டுக் கட்டி வேற. பூசுறதுக்கு ஏதாச்சும் குடுங்க."

"பழுத்திருக்குதுங்களா?"

"பழுக்கவும் இல்ல, உடையவும் இல்லண்ணே. உள்ளுக்குள்ள கல்லு மாதிரி கெடக்கு. துணி பட்டாலே உசுரு போகுது."

மாத்திரையும் களிம்பும் கொடுத்தேன். அடங்கவில்லையென்றால் டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். சில வாரங்களில் தானாகவே அடங்கிவிட்டது என்று சொன்னாள். அதற்குப் பிறகு நடந்ததை அப்போது யாரிடமும் அவள் சொல்லவில்லை. வெகுநாள் கழித்துத்தான் என்னிடம் சொன்னாள்.

குளித்துக்கொண்டிருந்தாளாம். சோப்பு நுரையோடு தொடையில் வழுக்கிப் போன கை ஒரு குழிக்குள் விழுந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவிப் பார்த்தாள். கட்டி இருந்த ஒவ்வொரு இடத்திலும் ஒரு பள்ளம். புண் இல்லை, தழும்பு இல்லை. தோல் கொஞ்சம் கறுத்து, முழுசாக அப்படியே இருந்தது. தோலுக்கு அடியில் இருக்க வேண்டியதைத்தான் காணோம். விரலை வைத்து அழுத்தினால் நேரே எலும்பைத் தொடுவதுபோல் இருந்ததாம்.

"களவு போன மாதிரி இருந்துச்சுண்ணே. பூட்டு பூட்டுன மாதிரியே இருக்கு, உள்ள சாமானக் காணோம்."

பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பிய வாரம் மறுபடி காய்ச்சல். இந்த முறை கட்டிகள் வலது மேற்கையில் கிளம்பின. சிவந்து, வீங்கி, தொடமுடியாத வலி. கம்பெனிக்கு லீவு போட்டால் சம்பளம் போகும் என்று முழுக்கை ரவிக்கை போட்டு மறைத்துக்கொண்டு போனாள். மாசி வருவதற்குள் அவையும் வற்றின. வற்றிய இடங்களில் பள்ளம் விழுந்தது. கையின் வெளிப்பக்கம் வரிசையாக நான்கு, உள்பக்கம் ஒன்று. நான்கும் ஒடுங்கி நீளமாக, ஒன்று மட்டும் அகலமாக.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பாடு முடிந்து வாசலருகே வெளிச்சத்தில் உட்கார்ந்து மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். போட்டிருந்தது கை குட்டையான நைட்டி, மறந்துவிட்டாள். வாரம் முழுக்க ராத்திரி வேலை பார்க்கும் வீரணன் அன்று ஒருநாள்தான் வீட்டில் இருப்பான்.

"அது என்னத்தா கையில?" என்று எழுந்து வந்தான்.

"கட்டி வந்த தடம். ஒண்ணுமில்ல, போங்க."

"இங்கிட்டுத் திருப்பு, பாப்போம்."

வெளிச்சத்துக்குத் திருப்புவதற்காக அவள் கையைப் பிடித்தான். பிடித்தவன் அப்படியே நின்றுவிட்டான். அவனுடைய நான்கு விரல்களும் நான்கு பள்ளங்களில் போய் உட்கார்ந்திருந்தன. கட்டைவிரல் உள்பக்கத்துப் பள்ளத்தில் இருந்தது. அவன் தேடி வைக்கவில்லை. கை தானாகவே போய் அங்கே பொருந்திக்கொண்டது.

நதியா தலையைத் திருப்பிப் பார்த்தாள். பாதிப் பின்னலோடு எழுந்து சுவரோரம் போய் நின்றாள்.

"அப்பா, நீங்க மறுபடி அம்மாவ அடிக்கிறீங்களா?"

மறுபடி என்ற அந்தச் சொல்லுக்கு ஒரு காரணம் இருந்தது. நதியா ஒன்றாம் வகுப்புப் படித்த காலத்தில் வீரணன் குடித்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் போதையில் செல்லத்தாயின் வலது கையை இறுகப் பிடித்து இழுத்துச் சுவரில் மோதினான். குழந்தை பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாளே குடியை விட்டான், அதற்கப்புறம் தொட்டதில்லை. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதும் இல்லை. நதியா அதை மறந்துவிட்டாள் என்றுதான் இரண்டு பேரும் நினைத்திருந்தார்கள்.

"இல்ல தாயி" என்றான் வீரணன். 

"பின்ன இது எப்படி வந்துச்சு?"

"பைத்தியமாடி ஒனக்கு? அவுக என்னைய ஒரு சொல்லு சொல்லல" என்று செல்லத்தாய் கத்தினாள். அடி வாங்குகிற எல்லா அம்மாக்களும் இப்படித்தான் சொல்வார்கள் என்று பள்ளிக்கூடத்தில் யாரோ ஒரு டீச்சர் பேசியது நதியாவுக்கு ஞாபகம் வந்ததாம். அதன்பிறகு அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

தண்ணீர்க் குழாயடியில் ரங்காத்தாள் அம்மாவும் அந்தக் கையைப் பார்த்துவிட்டார். நேரே என் கடைக்கு வந்தார்.

"ஏனுங்க தம்பி, அந்தத் தெக்கத்திப் புள்ளயோட கையப் பாத்தீங்களா? அஞ்சு வெரலும் அச்சுக் குத்துன மாதிரி இருக்குதுங்க. இத்தன நாளு அந்தப் பையனை நல்லவன்னு நெனச்சுட்டு இருந்தனே."

சாயங்காலம் அவர் வீரணனையும் நிறுத்திக் கேட்டிருக்கிறார். "தம்பி, பொம்பளப் புள்ள மேல கை வெக்கறவங்க எம்பட ஊட்டுல குடியிருக்க வேண்டாமுங்க" என்று மரியாதையாகத்தான் சொன்னார். வீரணன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லையாம். அதுவே எல்லோருக்கும் போதுமான சாட்சியாகிவிட்டது.

அவன் ஏன் பேசவில்லை என்பது எனக்குச் சில நாள் கழித்துத் தெரிந்தது. கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வந்தான். கண் சிவந்திருந்தது.

"அண்ணே, அசையாமத் தூங்குறதுக்கு மாத்திரை இருக்கா?"

"தூக்கம் வரலீங்களா?"

"தூக்கம் வருதுண்ணே. அசையக் கூடாது. தூக்கத்துல மனுசன் என்ன செய்யிறான்னு அவனுக்கே தெரியுமா? நிட்டிங்ல கூட இருக்கவன் சொல்றான், நான் கண்ணயர்ந்தா என் கை எதையோ பிடிக்கிற மாதிரி மூடித் தொறக்குதாம்." தன் வலது கையை மேசைமேல் வைத்து, வேறு யாருடையதோபோல் அதைப் பார்த்தான். "அன்னைக்கு அவளை அந்த எடத்துலதான் பிடிச்சேன். இதே கை. இத்தனை வருசம் உள்ள கெடந்து இப்ப மேல வருதா, இல்ல நானே தூக்கத்துல மறுபடி மறுபடி பிடிக்கிறேனா, தெரியல."

டாக்டர் சீட்டு இல்லாமல் அந்த மாத்திரை தரமுடியாது என்று சொல்லி அனுப்பினேன். அந்த வாரமே அவன் நிட்டிங் வேலையை விட்டுச் சோமனூருக்குப் போய்விட்டான். கல்யாணத்துக்கு முன்னால் அங்கே ஒரு தறிக்கூடத்தில் வேலை பார்த்திருக்கிறான். அங்கேயே தங்கிக்கொண்டான். செல்லத்தாய் பஸ் ஸ்டாப் வரை பின்னாலேயே போய் அழுதாள். நதியா வாசலைத் தாண்டி வரவில்லை.

அப்பா போனபிறகு அம்மா தேறிவிடுவாள் என்று அந்தப் பெண் நம்பியிருந்தாள். பங்குனி வெயில் ஏறியதும் மூன்றாவது முறை காய்ச்சல் வந்தது. முன்னைவிட மோசம். மூட்டுகள் எல்லாம் வலித்தன. நதியா அம்மாவின் இரண்டு கைகளையும் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு படுத்தாள். விடிந்து பார்த்தபோது இடது மேற்கையில் புதிதாக ஒன்று சிவந்து கிளம்பியிருந்தது. தான் பிடித்திருந்த கையில். அறைக் கதவு உள்ளே தாழிட்டபடியே இருந்தது.

நதியா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: "அப்பா இங்க இல்லையேம்மா."

"இல்ல."

"பின்ன யாரு?"

செல்லத்தாய்க்கு அதுவரை வலிதான் இருந்ததாம். மகள் அப்படிக் கேட்டபிறகுதான் பயம் வந்தது.

காய்ச்சல் கொஞ்சம் தணிந்ததும் வேலைக்குப் போனாள். போன இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, செக்கிங் மேசையில் அடுக்கியிருந்த வெள்ளைப் பனியன்களில் மஞ்சளாகக் கறை விழ ஆரம்பித்தது. எண்ணெய்க் கறை பனியன் கம்பெனியில் புதிது அல்ல. தையல் மெஷினிலிருந்து ஒழுகும். சூப்பர்வைசர் தங்கதுரை மெக்கானிக்கைக் கூப்பிட்டு மெஷின்களைப் பார்க்கச் சொன்னார். எந்த மெஷினிலும் ஒழுக்கு இல்லை. தையலிலிருந்து வரும்போது பீஸ்கள் சுத்தமாக இருந்தன. செல்லத்தாயின் மேசையைத் தாண்டும்போது கறை ஏறியது. மெஷின் எண்ணெய் என்றால் ஒரு வாடை வரும். இதற்கு வாடையே இல்லை. தொட்டால் வெதுவெதுப்பாகப் பிசுபிசுத்தது.

பக்கத்து மேசைப் பெண்தான் முதலில் கண்டுபிடித்தாள். "யக்கா, உன் கை நனைஞ்சிருக்கு பாரு."

இடது கைத் துணி முழுக்க ஈரம். மேலே தூக்கிப் பார்த்தாள். கட்டி ஒன்று உடைந்திருந்தது. ரத்தமும் இல்லை, சீழும் இல்லை. தெளிந்த மஞ்சள் எண்ணெய் மெல்ல மெல்ல ஊறி, கை வழியாக இறங்கி, விரல் நுனியில் சொட்டு கட்டி நின்றது. சுற்றி நின்றவர்கள் பின்னால் நகர்ந்தார்கள்.  யாரோ ஒருத்தி மெதுவாக, "விளக்குக்கு ஊத்துற எண்ணெய் மாதிரியே இருக்குடி" என்றாள். இன்னொருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். தங்கதுரை நல்ல மனிதர். உடம்பு சரியாகும்வரை வீட்டில் இருக்கச் சொல்லி, வண்டி வைத்து அனுப்பினார். மறுநாள் அவள் மேசையில் உட்கார யாரும் சம்மதிக்கவில்லை.

லைன் வீட்டிலும் பேச்சு மாறிவிட்டது. புருஷன் அடிக்கிறான் என்றவர்கள் இப்போது வேறு ஏதோ அவளைப் பிடித்து உருக்கிக் குடிக்கிறது என்றார்கள். ரங்காத்தாள் அம்மா வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். ஊரிலிருந்து செல்லத்தாயின் அத்தை மூக்கம்மாள் கயிறும் திருநீறும் கொண்டுவந்து, கையில் கட்டிவிட்டு, அன்றைக்கே பஸ் ஏறினாள். ஒரு ராத்திரி அந்த வீட்டில் தங்க அவளுக்கு மனம் வரவில்லை.

நான்தான் கட்டாயப்படுத்திப் பக்கத்துக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். நதியா கூட்டிப்போனாள். அந்த டாக்டர், சீழ்க்கட்டி ஆழமாக இருக்கும் என்று நினைத்து, தொடையில் புதிதாகக் கிளம்பியிருந்த பெரிய கட்டி ஒன்றைக் கீறினார். உள்ளேயிருந்து எண்ணெய்தான் வந்தது. அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டாராம். பிறகு பஞ்சால் ஒற்றிக் கட்டுப் போட்டுவிட்டு, "இதுல நான் மேற்கொண்டு கை வைக்கறது தப்பும்மா. கோயம்புத்தூர் பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. இன்னைக்கே போங்க" என்றார்.

அங்கே தோல் பிரிவில் அபிராமி என்று ஒரு டாக்டர். நாற்பது வயதிருக்கும். அதிகம் பேசமாட்டார், பேசினால் எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்த்துப் பேசுவார். வார்டில் சேர்த்தார்கள். காசநோய் இருக்கிறதா என்று பார்த்தார்கள், இல்லை. கணையம், ரத்தம், புற்றுநோய் என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள், இல்லை. கடைசியில் புதிதாகக் கிளம்பிய ஒரு கட்டியிலிருந்து தோலோடு சேர்த்துக் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று டாக்டர் கட்டிலோரம் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"தோலுக்குக் கீழ கொழுப்பு இருக்குதில்லீங்களா, அதைத்தான் உங்க உடம்பே எதிரி மாதிரி நெனச்சுத் தாக்குது. அப்ப காய்ச்சல் வரும், கட்டி வரும். அந்தக் கொழுப்பு செத்துப்போச்சுன்னா எடம் பள்ளமாயிடும். சிலருக்கு அது எண்ணெயா உருகி வெளிய வரும். பேனிகுலைட்டிஸ்னு சொல்லுவோம். அதுல இது ரொம்ப அபூர்வமான வகை. வெபர்-கிறிஸ்டியன் நோய்னு பழைய பேரு."

செல்லத்தாய் பதறிவிட்டாள். "கிறிஸ்டியனா? நாங்க கருப்பசாமி கும்புடுறவுக டாக்டரம்மா."

டாக்டர் சிரித்துவிட்டார். "அது கண்டுபிடிச்ச டாக்டரோட பேருங்க. எல்லாச் சாமி கும்புடறவங்களுக்கும் வரும்."

"எதுனால வருது?"

"அது எங்களுக்கே தெரியலீங்க."

"மருந்து சாப்பிட்டா போயிருமா?"

"அடங்கும். மறுபடி வரும். மறுபடி அடக்கலாம்."

"எப்ப வரும்?"

"அதையும் சொல்ல முடியாது."

நதியா அதுவரை கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தாள். அவள் அம்மாவின் வலது கைத் துணியை மேலே ஏற்றி அந்த ஐந்து பள்ளங்களையும் காட்டினாள். "இது ஏன் டாக்டர் விரல் மாதிரியே இருக்கு?"

டாக்டர் பள்ளங்களைப் பார்த்தார். பிறகு தன் வலது கையை நீட்டி அவற்றின்மேல் வைத்தார். பொருந்தியது. "இப்ப நீங்க வெச்சுப் பாருங்க" என்றார். நதியா தயங்கித் தயங்கி வைத்தாள். அவள் மெல்லிய விரல்களும் போய் உட்கார்ந்தன. "பெரியவங்க கை எதை வெச்சாலும் ஏறக்குறைய பொருந்தத்தாங்க செய்யும். கட்டி இப்படி வந்தது தற்செயல். யாரும் பிடிக்கல."

டாக்டர் அதைத் தைரியம் சொல்வதற்காகச் செய்தார். செல்லத்தாய் அன்று முழுக்கப் போர்வையை இழுத்துக் கையை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். யார் கை வந்தாலும் பிடிப்பதற்கு இடம் தயாராக இருக்கிற உடம்பு என்னுடையது என்று நினைத்துக்கொண்டாளாம்.

நதியாவோ அன்றே அம்மாவிடம் சொல்லிக்கொண்டு சோமனூருக்குப் பஸ் ஏறினாள்.

தறிக்கூடத்தைக் கண்டுபிடிக்க அவளுக்குச் சிரமமாக இல்லை. வீரணனுக்கு அங்கேயும் ராத்திரி வேலைதான். பகலில் கூடத்தை ஒட்டிய அறையில் தூங்குவான். தறிச் சத்தத்தில் சுவரே அதிர்ந்துகொண்டிருந்தது. எதிரில் நிற்பவர் பேசுவது கேட்காது. ஒருவர் அறையைக் கைகாட்டிவிட்டுப் போனார். கதவு சாத்தியிருந்தது, தாழில்லை. தள்ளினாள்.

அப்பா இரும்புக் கட்டிலில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு கைகளும் தலைக்கு மேலே போயிருந்தன. காடாத் துணியை நாடாவாகக் கிழித்து, மணிக்கட்டுகளைக் கட்டில் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தது. இடது கையை ஒரு முடிச்சாலும், வலது கையைப் பலமுறை சுற்றியும். தானே பல்லால் கடித்து இறுக்கிய முடிச்சு. மணிக்கட்டைச் சுற்றித் தோல் காய்த்துக் கறுத்திருந்தது. கட்டுக்குள்ளே அந்த வலது கை மெல்ல மூடியது, திறந்தது, மூடியது. அப்பாவின் முகத்தில் எந்த அசைவும் இல்லை.

அந்தச் சத்தத்தில் தான் கத்தியது தனக்கே கேட்கவில்லை என்று நதியா பிறகு சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தாள். கண் விழித்த வீரணன், அவிழ்ந்த கையையும் மகளையும் பார்த்து, பதறிச் சுவர்ப்பக்கம் ஒதுங்கினான்.

"கிட்ட வராத தாயி."

"அப்பா, அது வியாதி. அம்மாவுக்கு வியாதி" என்று அவன் காதருகே குனிந்து கத்தினாள். "நீங்க ஒண்ணும் செய்யல. டாக்டர் சொல்லிட்டாங்க. நீங்க இல்லாதப்பவும் வந்துச்சு."

அவனுக்குப் புரிய வெகுநேரம் ஆனது. புரிந்தபிறகும் உடனே கிளம்பவில்லை. மணிக்கட்டைத் தடவியபடியே இருந்தான். "ஒரு தடவ பிடிச்சது நெசந்தானே" என்றான். அதற்கு அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று என்னிடம் சொல்லவில்லை. இரண்டு பேரும் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார்கள் என்று மட்டும் தெரியும். செல்லத்தாய் அவனைப் பார்த்ததும், "சாப்பிட்டியளா?" என்றாளாம். அவன் கட்டிலில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தான். அப்போதும் அவளைத் தொடவில்லை.

ஸ்டீராய்டு மாத்திரைகள் தொடங்கினார்கள். காய்ச்சல் சீக்கிரமே விட்டது, கட்டிகள் அமுங்கின. லைன் வீட்டுக்குத் திரும்பினார்கள். ரங்காத்தாள் அம்மா என்னிடம் வந்து, "ஒட்டுமுங்களா தம்பி?" என்று கேட்டார். ஒட்டாது என்று உறுதி சொன்னேன். அன்று மத்தியானம் ஒரு தூக்குப்போசியில் ரசம் கொண்டுபோய் வாசலில் நின்று, "எம்பட வாயி சும்மா இருக்கல தம்பி. மனசுல வெச்சுக்காதீங்க" என்று வீரணனிடம் சொல்லிவிட்டு வந்தார்.

மருந்துக்கும் ஒரு விலை இருந்தது. கை கால்களில் பள்ளங்கள் அப்படியே இருக்க, முகம் மட்டும் வட்டமாக உப்பிக்கொண்டு வந்தது. தெருவில் பழக்கமானவர்களே அவளை அடையாளம் தெரியாமல் தாண்டிப் போனார்கள். ஒரு நாள் என் கடைக் கண்ணாடி அலமாரியில் தன் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"யாரோ ஒருத்தி தலைய எனக்கு மாட்டிவிட்ட மாதிரி இருக்குண்ணே. ராத்திரி கண்ணாடி பாக்குறதே இல்ல."

மாத்திரையின் அளவைக் குறைத்தால் அது திரும்ப வந்தது. ஐப்பசி மழையில் ஒருமுறை, மார்கழிப் பனியில் ஒருமுறை. ஒவ்வொரு முறையும் வேறு இடம். வீரணன் அருள்புரத்திலேயே ஒரு நிட்டிங் கம்பெனியில் பகல் வேலைக்கு மாறிவிட்டான். கட்டிகளுக்கு மருந்து பூசுவது அவன் வேலையானது. முதலில் பஞ்சைக் குச்சியில் சுற்றித்தான் பூசினான், விரல் படாமல். செல்லத்தாய் ஒரு நாள் குச்சியைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்துவிட்டாள். அதன்பிறகு கையால் பூசுகிறான்.

இந்த வருடம் அபிராமி டாக்டர் ஒரு உதவி கேட்டார். மருத்துவ மாணவர்கள் இந்த நோயைப் புத்தகத்தில்தான் படித்திருக்கிறார்கள். நேரில் காட்டச் சம்மதமா என்று. செல்லத்தாய் யோசிக்காமல் சரி என்றாள். திரை கட்டிய ஒரு அறையில் அவளை உட்கார வைத்தார்கள். வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகள் சின்னச் சின்னக் கூட்டமாக வந்து, "தொடலாமாம்மா?" என்று கேட்டு, பள்ளங்களை அழுத்திப் பார்த்தார்கள். எத்தனை பேர் கை என்று அவளுக்குத் தெரியாது. சில கை ஜில்லென்று இருந்தது, சில வேர்த்திருந்தது. ஒரு பெண் பள்ளத்தில் விரலை வைத்ததும் சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

"பயப்படாதம்மா, ஒட்டாது" என்றாள் செல்லத்தாய்.

"வர்றதுக்கு முன்னாடி உங்களுக்குத் தெரியுமா?" என்று ஒரு மாணவன் கேட்டான்.

"தெரியும் தம்பி. உள்ள ஒரு ஆளு திரும்பிப் படுக்கிற மாதிரி இருக்கும். பெறகுதான் காய்ச்சல்."

 டாக்டர் அவள் தோளைத் தட்டிக்கொடுத்து அனுப்பினார்.

அன்று திரும்பி வரும் பஸ்ஸில் அவள் உற்சாகமாகத்தான் இருந்தாளாம். ஜன்னலோரம் உட்கார்ந்து, பிள்ளைகள் பயந்ததைச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தாள். காரணம்பேட்டை தாண்டியதும் பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டாள். இரண்டு கையையும் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். கூட வந்திருந்த வீரணன் அவள் முகத்தைப் பார்த்தான்.

"எங்கிட்டு?"

"உள்ள. இந்தத் தடவ ரொம்ப உள்ள."

பல்லடத்தில் இறங்கினார்கள். ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் நின்று, வந்த கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏறித் திரும்ப ஆஸ்பத்திரிக்கே போனார்கள். ஏறும்போதே உடம்பு கொதித்ததாம். குடலைச் சுற்றியிருக்கிற கொழுப்பைத் தாக்கியிருப்பதாக டாக்டர் சொன்னார். வெகுநாள் வைத்திருந்தார்கள். ஒரு கட்டத்தில், பிழைப்பது கஷ்டம் என்று நதியாவை வரச்சொல்லிவிட்டார்கள். ஊருக்கும் தகவல் போனது. ரங்காத்தாள் அம்மா என் கடைக்கு வந்து, ஏதாவது தகவல் உண்டா என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவள் பிழைத்து வந்தாள். வேறு ஒரு மருந்து சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். அதை என் கடைக்குத் தனியாக வரவழைத்துத் தருகிறேன். முகத்து வீக்கம் வடிந்து, ஆள் பாதியாகிவிட்டாள். இப்போது அதே கம்பெனியில் பேக்கிங்கில் அரை நாள் வேலை, தங்கதுரைதான் போட்டுக்கொடுத்தார். பக்கத்தில் உட்கார ஆட்களும் வந்துவிட்டார்கள்.

போன வாரம் மத்தியானம் மருந்து வாங்க வந்தாள். "இப்ப எப்படீங்க இருக்குது?" என்று கேட்டேன்.  பக்கத்து அறையில் யாரோ இருப்பதுபோலத் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கவனித்தாள். பிறகு மேசைமேல் குனிந்து, எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல மிகவும் தணிந்த குரலில் சொன்னாள்:

"தூங்குதுண்ணே."

நானும் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். மருந்தைக் காகிதப் பையில் சத்தமில்லாமல் போட்டுக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு வெயிலில் இறங்கி, கம்பெனி வேன் நின்ற பக்கம் மெதுவாக நடந்து போனாள்.